திரையில் நிற்கும் சின்னவள்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. சின்னவளைப் பஸ்ஸில்தான் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன்.

காலையில் காரைப் பின்னால் எடுத்தேன். காரின் பின்பக்கக் கேமராத் திரையில் சின்னவள் கேட்டருகே சிரித்தபடி நின்றாள். ஹார்ன் அடித்தேன், நகரவில்லை. திட்டினேன். அவளோ வீட்டுக்குள்ளிருந்து வந்து, "யாரைம்மா திட்டுறே?" என்றாள். திரையில் நின்றது நேற்றைய படம், அப்படியே உறைந்துவிட்டது.

இல்லாதவளைக் காட்டுகிற கேமரா, இருப்பவளைக் காட்டாமலும் விடுமே. நேற்று அது மக்கர் பண்ணுகிறது என்றதற்கு, "திரும்பிப் பாத்து ஓட்டு" என்று எரிந்து விழுந்தீர்கள். என் கழுத்து திரும்பினால் அதை ஏன் நம்பிக் கிடக்கிறேன்?

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ரிப்பேர் பண்ணலாம்க்கா, மறுபடி உறையாதுன்னு சொல்லமாட்டேன். புதுசு போட்டா உங்க பழைய திரையோட ஒத்துப்போகுமான்னும் தெரியல" என்கிறார். நான்கு மணிக்கு வருகிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, நீங்களே பேசிக்கொள்ளுங்கள். என்மேல் கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

கார் சாவி உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டில்.

பி.கு.: மெக்கானிக் காரைப் பின்னால் எடுக்கும்போது சின்னவள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள். திரையில் அவள் எங்கே நின்றாலும் சரி, அவள் கை உங்கள் கைக்குள் இருக்கட்டும்.