தங்கச்சி வீட்டில் இருக்க மாட்டாள்

அம்மா,

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் சாப்பிடுங்கள்.

கொழும்பு வீடுகளில் வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் இன்று தங்கச்சி நிஷாந்திக்காக வருவார். அவள் இருக்க மாட்டாள். நுவரெலியாவில் டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகிறேன்.

“படிப்பு ஏறாத கழுதைக்கு ஸ்கூல் எதுக்குடி?” என்று நேற்றுக் கேட்டீர்கள். அவள் சோம்பேறி இல்லை, அம்மா. ஓர் இடத்தில் உட்கார முடியாததும் சொன்னதை மறப்பதும் ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடாக இருக்கலாம் என்று தோட்டத்து மருத்துவ முகாமில் சொன்னார்கள். “அம்மாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாம்” என்றார் நர்ஸ். எனக்கும் அப்படித்தான். கொழுந்துக் கூடையை மறந்துவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் உங்களுக்கும்தான்.

என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொழும்பு வீட்டுக்கு அனுப்பியதும் இன்று வரப்போகிற அதே ஆளுடன்தான். அங்கே அடுப்பில் பால் வைத்ததை மூன்று முறை மறந்தேன். கையில் எண்ணெய் கொட்டியதாக உங்களிடம் சொன்னது பொய். அந்த வீட்டம்மா கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தார்.

தங்கச்சி என்னைவிட அதிகம் மறப்பாள்.

ஜெயந்தினி

ஐந்து மணி பஸ்ஸில் வருவோம். அப்போதும் அவளைக் கூட்டிப் போக வந்தவர் போகாமல் இருந்தால் வாசல் கொடியில் சிவப்புச் சேலையைப் போடுங்கள். பஸ்ஸிலிருந்தே தெரியும்; நாங்கள் இறங்க மாட்டோம். அம்மா, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.