வாசலுக்கு மேலே ஒரு மீசை

நவம்பர் 3, திங்கள்

காலையில் மூடுபனி. அஜ்மானிலிருந்து கம்பெனி பஸ் ஊர்ந்து ஊர்ந்து சைட்டுக்கு வந்தது. பின்சீட்டில் ஒருவன்: "டிரைவருக்கு ரோடு தெரியுதா, இல்ல குத்துமதிப்பா ஓட்டுறானா?" யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தூக்கம்.

வேலை: ஏழாம் எண் வீடு, முகப்பு டிராயிங், கடைசித் திருத்தம். (கடைசி என்று இதற்கு முன்பும் சொன்னார்கள்.) ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊர். அதன் சந்தைச் சதுக்கத்தை அப்படியே இந்த மணலில் இறக்குகிறார்கள், ஷாப்பிங் மாலுக்காக. ஏழாம் எண்தான் அங்கே பெரிய மனுஷன். மறுமலர்ச்சிக் காலத்து ஜவுளி வியாபாரி கட்டியது.

ஃபைல் முழுக்கப் படித்தேன், யாரும் படிக்கச் சொல்லவில்லை. ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, ஒட்டியிருந்த இரண்டு குறுகல் வீடுகளை அந்த ஆள் வாங்கி, முன்னால் ஒரே முகப்பாக எழுப்பிவிட்டான். அதனால்தான் கீழே வளைவுகள் ஒரே அகலம் இல்லை. இரண்டு ஒல்லி, ஒன்று குண்டு. நம் ஆபீஸ் பையன் ஒருவன் "டிராயிங் தப்பு சார்" என்று மூன்றையும் சமமாக்கி வைத்திருந்தான். திரும்பவும் ஒல்லி, குண்டு ஆக்கினேன். அரை நாள் போயிற்று.

வளைவுகளுக்கு அடியில் மழையில் நனையாமல் துணி விற்பார்களாம். உள்ளே பெரிய கூடம். மாடியில் குடும்பம், அதற்கும் மேலே சரக்கு மூட்டை. உச்சியில் கூரையை மறைத்துக்கொண்டு ஒரு அலங்காரச் சுவர். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு நெருப்பு தாவாமல் இருக்கவாம்.

நம் ஏழாம் எண்ணில் கீழே பர்கர் கடை. மாடி ஜன்னல்களுக்குப் பின்னால் ஏ.சி. மெஷின். குடும்பம் மாஃபி, கிடையாது.

சாயங்காலம் ஸ்டெல்லா போன். தோஹாவில், நஜ்மா ஏரியாவில் ரூம், நர்ஸ் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஒரு நாடு, நான் ஒரு நாடு. தூத்துக்குடி பக்கம் எங்கள் வீடு முடியப்போகிறது. இருபதாம் தேதி பால்காய்ப்பு. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவ் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அவளுடையதை மாற்ற முடியாது, வார்டில் ஆள் இல்லை.

"வந்திருவியள்லா?"

"டிக்கெட் போட்டாச்சுடி."

"போன தடவையும்தான் டிக்கெட் போட்டிய."

டிக்கெட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 5, புதன்

வெயில் பரவாயில்லை. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

முகப்பில் சுரண்டல் பூச்சு முடிந்தது. அடியில் கருப்புச் சாந்து, மேலே வெள்ளை. காய்வதற்குள் வெள்ளையைச் சுரண்டினால் கருப்பில் கோலம் விழும். தூரத்திலிருந்து பார்த்தால் கல் கல்லாகச் செதுக்கி அடுக்கிய மாதிரி. வியாபாரி கல்லுக்குப் பதில் சாந்தை வைத்து ஊரை ஏமாற்றியிருக்கிறான். அந்த ஏமாற்று வேலைக்கு எங்களுடையது ஒரு நகல்.

மதியம் சாரத்தின் வலையைக் கழற்றினார்கள். வாசல் வளைவின் உச்சிக்கல்லில் ஒரு முகம் வர வேண்டும். ஃபோட்டோவில் அதை மழையும் பனியும் தின்று மூக்கு மட்டும் மிச்சம். ஃபைலில் ஒரே வரி: கெட்ட பார்வையை விரட்ட வைப்பது. மோல்ட் வேலை முருகேசனுக்கு. புதுக்கோட்டைக்காரன், கை சுத்தம். "திருஷ்டி முகம்பா, மூஞ்சிய நீயே பாத்து முடிச்சிரு" என்று எப்போதோ சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

வலை இறங்கியது. முறுக்கு மீசை. பிதுங்கின கண். கோரைப் பல். தொங்குகிற நாக்கு. நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கு முன்னால் தொங்கவிடுவார்களே, அதே ஆள், சிமெண்டில்.

"என்னப்பா இது?"

"திருஷ்டி மூஞ்சின்னு நீங்கதானண்ணே சொன்னீக."

"ஐரோப்பாக்காரன் வீடுடா!"

"ஏண்ணே, அவனுக்குக் கண்ணு படாதா?"

சிரித்துவிட்டேன். சாரத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். பிறகுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை, நகல் சரியா என்று பார்க்க அந்த ஊரிலிருந்தே ஒரு நிபுணர் அம்மா வருகிறார்.

நவம்பர் 8, சனி

வந்துவிட்டுப் போனார். வயதானவர், வெயிலுக்குக் குடை. வளைவுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒல்லி, குண்டு சரியாக இருக்கிறது என்று சந்தோஷம். அப்புறம் நிமிர்ந்தார்.

"இந்தக் கனவான் யார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் வீடு கட்டும்போது கண் படாமல் இருக்க இவரைத் தொங்கவிடுவோம், வீடு முடிந்ததும் கழற்றுவோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். போனில் படம் எடுத்தார். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முகம் தேய்ந்து போவதற்கு முன் யாரோ வரைந்து வைத்த படத்தின் நகல். மீசை கிடையாது. கன்னம் உப்பி, சிரித்துக்கொண்டு ஒரு குண்டு மனிதன். அந்த வியாபாரியேதான் என்று ஊரில் சொல்வார்களாம். சந்தைக்கு யார் வருகிறார்கள் என்று வாசல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறானாம். "உங்களுடையது நன்றாக இருக்கிறது. ஆனால் இது அவர் இல்லை." மரியாதையாகத்தான் சொன்னார். அவர் ஊர், அவர் ஆள்.

அவர் கார் ஏறியதும் மேனேஜர்: "முகம் மாறுகிற வரை நீ இங்கேதான். லீவ் கலாஸ், முடிந்தது." புது மோல்ட், வார்ப்பு, காயவைத்தல், ஏற்றுதல். கணக்குப் போட்டால் இருபதாம் தேதியில் வந்து நிற்கிறது.

நவம்பர் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சொல்லாமல் இழுத்தடித்தது வேறு அவளுக்குக் கோபம்.

"அந்த வீட்டுல யாரு குடியிருக்கப் போறா?"

"யாருமில்ல."

"நம்ம வீட்டுலயும்தான் யாருமில்ல."

பால்காய்ப்பைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். அவள் லீவ் தள்ளாது. ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது. "சரி வைக்கேன், டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள். இன்று அவளுக்கு டூட்டி இல்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்து மண்ணாகிப் போன ஒரு ஜவுளிக்கடைக்காரன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

நவம்பர் 13, வியாழன்

டிக்கெட் கேன்சல். தைலம் வாங்கினேன். சட்டை இஸ்திரிக்குக் கொடுத்தது இன்னும் வரவில்லை.

முருகேசன் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறான். டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "என்னாலதானண்ணே..." என்று இழுத்தான். "போடா, எல்லாம் என் வாய்" என்றேன். களிமண்ணில் புது முகம் பிடித்துக்கொண்டிருந்தான். படம் இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. கை தானாக மீசைக்கே போகிறதாம்.

"மீசையில்லாம, உப்புன கன்னத்தோட ஒரு ஆளப் பக்கத்துல பாத்தாத்தாண்ணே வரும்." என்னையே உற்றுப் பார்த்தான். நான் மீசை வைப்பதில்லை. கன்னத்துக்கும் குறைவில்லை, கேம்ப் சாப்பாடு அப்படி.

"கொஞ்சம் உப்புங்கண்ணே."

உப்பினேன்.

"அப்படியே சிரிங்க."

சிரிப்பு வரவில்லை. அதை மட்டும் படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஸ்டெல்லா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். வரிசையாகப் படங்கள். பெயிண்ட் பரவாயில்லை. படிக்கட்டுக் கைப்பிடி நான் வரைந்து அனுப்பியது இல்லை, கொத்தனார் இஷ்டத்துக்கு ஏதோ. கடைசிப் படத்தில் வாசலுக்கு மேலே சாட்சாத் நம்ம ஆள். முறுக்கு மீசை, நாக்கு. கொத்தனார் கட்டியதாம்.

"ஒங்க முருகேசன் செஞ்சது இதானா?" என்று எழுதியிருந்தாள். சண்டைக்குப் பிறகு அவளாக எழுதிய முதல் பேச்சு. ஃபாதர் வருவதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று மாமா குதிக்கிறாராம்.

இங்கே வார்ப்பு முடிந்தது. காய்கிறது.

நவம்பர் 20, வியாழன்

காற்று. காற்று நிற்கட்டும் என்று கிரேனைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்கள். சதுக்கத்தின் நடுவில் நின்றுகொண்டே வீடியோ கால்.

ஸ்டெல்லா போனை யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். அது தரையைக் காட்டியது, ஃபேனைக் காட்டியது, ஃபாதரின் அங்கி ஓரத்தைக் காட்டியது. "பொங்கிட்டு, பொங்கிட்டு!" என்று பெண்கள் சத்தம். பாலை நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில் கிரேனுக்குக் கயிறு மாட்டுகிற ரிக்கர் பாய் நின்றான், அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் அவளே போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பட்டுச்சேலை. கண் சிவந்திருந்தது.

"மேல பாருங்க."

மீசைக்காரன் அப்படியே தொங்குகிறான்.

"மாமா கழட்டச் சொன்னாகளே?"

"சொன்னாக. வீட்டு வேலை முடிஞ்சாத்தான கழட்டணும்? வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரல, வேலை முடியலன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து ஒங்க கையால கழட்டுங்க."

அதற்குள் காற்று தணிந்து கிரேன் தூக்க ஆரம்பித்துவிட்டது.

"நீங்க எங்க நிக்கிய? எனக்கும் காட்டுங்களேன்."

போனைத் திருப்பிக் காட்டினேன். ஏழாம் எண் வாசலுக்கு மேலே, கயிற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது முகம். கன்னம் உப்பி, சிரித்துக்கொண்டு.

"ஏங்க," என்றாள், "அது நீங்கள்லா?"

போல்ட் போட ஆள் கூப்பிடுகிறார்கள்.