கறுப்புக் கரை போட்ட அழைப்பிதழ்

உ
சீவலப்பேரி
12.6.2025

சித்ரலேகாவுக்கு, ஆவுடைநாயகம் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். பரோடாவில் நீயும் சுகமாக இருப்பதாகத்தான் இரண்டு நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

இதை ரெனிஷா டீச்சர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன் விலாசம் என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. உறையை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நேராகவே கேட்கிறேன். பொருநைக் கலைச் சங்கம் உன் ஏற்பாடா? அந்தப் பெயரில்தான் இரண்டு வருஷமாக ரெனிஷாவும் மேலப்பாளையம் அப்ராரும் சேர்ந்து நம் ஊர் ரைஸ்மில் களத்தில் மாதம் ஒரு ஆட்டம் நடத்துகிறார்கள். கதகளி வந்தது. மணிப்பூரிலிருந்து மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதிக்கிற கூட்டம் வந்தது. பொம்மலாட்டம் வந்தது. டிக்கெட் கிடையாது, உண்டியல் கிடையாது. வாசலில் ஒரு நோட்டில் பெயரை மட்டும் எழுதச் சொல்கிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது. தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். எதற்கென்று தெரியாமல் எந்தத் தாளிலும் பெயர் எழுத மாட்டேன். அதனால் உள்ளே போனதில்லை. வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று கண்காணித்தேன். ஒரு ஆட்டமும் விடவில்லை.

ரெனிஷா தூத்துக்குடிக்காரி என்று தெரிந்ததும் எனக்குப் பொறி தட்டியது. நீ கட்டிக்கொண்ட ரெக்சனுக்கு என்ன உறவு என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "தூத்துக்குடில பொறந்தவங்க எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளா அண்ணாச்சி?" என்று சிரித்தாள். உறவில்லை என்று மட்டும் சொல்லவில்லை, பார்.

செவ்வாய்க்கிழமை அந்த அழைப்பிதழ் வந்தது. வீடு வீடாக வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நாலு பக்கமும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கரை. மூலையில் மஞ்சள் இல்லை. நடுவில் பெரிதாக, சித்ரலேகா ஆவுடைநாயகம். கண்ணாடி போடாமல் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கருமாதிக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, படித்ததும் கிழித்துப் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எனக்குக் கிழிக்க வரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அம்மா வந்து வாங்கிப் படித்தாள். "எழவுக் கடுதாசி இல்ல. இருபத்தெட்டாம் தேதி நம்ம பிள்ளை கதக் ஆட வாரா" என்றாள். அதோடு விட்டாளா? "நீங்க எதுக்கு இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீய? ஒம்பது வருசத்துக்கு முன்னாலயே ஆத்துல தலை முழுகியாச்சுல்லா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திடுக்கிடவே இல்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

முழுகினது உண்மை. உனக்குப் பதிவுத் திருமணம் நடந்த அன்று, ஊர் பார்க்கப் படித்துறையில் இறங்கி, எனக்கு மகளே இல்லை என்று சொல்லி முழுகினேன். அதை இன்று மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தெருவில் பாதிப் பேர் கறுப்பைப் பார்த்ததும் கார்டைப் படிக்காமலே கிழித்து எறிந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல ஆள் வந்தாயிற்று. மேலத்தெரு பூதத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "பிள்ளைக்கு என்ன செஞ்சுது அண்ணாச்சி, சின்ன வயசுல்லா" என்று அழுதான். அன்று நான் முழுகி எழுந்தபோது துவட்டத் துண்டு நீட்டியவன் அவன்தான். "ஏலே, எம் மக நல்லா இருக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். சொர்ணாம்பாள் டீக்கடையில் யாரும் கேட்காமலே சொன்னேன்.

அப்ராரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "கறுப்பு போட்டா எடுப்பா இருக்கும்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்கிறான். கருமாதிக் கடிதம் பார்த்ததே இல்லையாம். நம்பலாமா என்று தெரியவில்லை. நீ சொல்லித்தான் அப்படி அச்சடித்தார்களா? அப்படியானாலும் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன். இன்னொன்று, கார்டில் ரெக்சன் பெயரைப் போடாமல் என் பெயரை எதற்குப் போட்டாய்? ஒன்பது வருஷமாக எல்லா ஊரிலும் இப்படித்தான் போடுகிறாயாம், ரெனிஷா சொன்னாள்.

ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ்ஸில் வந்துவிடு. ஸ்டாப்பில் உன் அம்மா நிற்பாள். அவளுக்குக் கண் மங்கல், அதனால் துணைக்கு நானும் வரவேண்டியிருக்கும். ரெக்சன் மீன் இல்லாமல் சாப்பிடுவாரா என்று அவள் கேட்கச் சொன்னாள். அன்று அந்த நோட்டில் என் பெயரை எழுதலாம் என்றிருக்கிறேன்.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் நானே மஞ்சள் குழைத்துத் தடவினேன். இரண்டு தடவை தடவியும் கறுப்பு முழுக்க மறையவில்லை. நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்க்காயுசாக இரு, தாயே.

இப்படிக்கு,
உன் அப்பா