அக்கா அழைக்கிறாள்

கோவிலம்பாக்கம்,
11.2.2024

ஷ்யாம்சுந்தர் சாருக்கு,

கன்னியம்மாள் எழுதுவது. சீரியல் நடிகையாக இருந்து இறந்துபோன என் தங்கை வெண்ணிலாவை வைத்து செல்போனில் கதை எழுத அனுமதி கேட்டிருந்தீர்கள். விபத்து நடந்த அன்று என் நம்பர் எல்லா சேனல்காரர்களிடமும் போய்விட்டது. அதிலிருந்து போன் என்றாலே பேஜார். தபாலில் கேட்டீர்களே, அதற்காகவே பதில் போடுகிறேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். படிக்கிறவர்தான் வெண்ணிலா. எந்த சீரியலில் நடிப்பது, எந்த விழாவுக்குப் போவது, யாரைக் கட்டிக்கொள்வது, எல்லாம் அவர்கள் திரையைத் தொட்டு முடிவு செய்வார்கள். செய்துகொள்ளட்டும். ஆனால் டிவியில் பேசுகிற மாதிரியே அவளை எழுதிவிடாதீர்கள். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே "இன்னாக்கா, சோறு கீதா?" என்பாள்.

ஒரே ஒரு நிபந்தனை. கடைசி ஒரு மாதம் அவள் என் போனை எடுக்கவே இல்லை. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. மீன் விற்கிற அக்கா என்று வெட்கப்பட்டாளா, நான் ஏதாவது சொல்லிவிட்டேனா, தெரியாமலே போயிற்று. தினமும் மீன் ஆயும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கதையிலாவது அவள் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏ. கன்னியம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்,
25.2.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் சம்மதத்துக்கு நன்றி. விபத்தை நான் எழுதப் போவதில்லை.

நீங்கள் கேட்ட காட்சியை எழுதிவிட்டேன். வெண்ணிலா விருது விழாவுக்குக் கிளம்பும் நேரம் திரையில் 'அக்கா அழைக்கிறாள்' என்று வரும். கீழே இரண்டு பதில்கள் இருக்கும்: 'எடு', 'பிறகு பேசுகிறேன்'. எடுத்தால் உங்கள் வீட்டுக்கு வந்து வஞ்சிரக் குழம்பு சாப்பிடுவாள். எடுக்காவிட்டால் விழாவுக்குப் போவாள். எடுத்தே தீர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தினால் அது அவர்கள் கதையாக இருக்காது. கவலைப்படாதீர்கள், எடுப்பார்கள். அக்கா கூப்பிட்டால் யார்தான் எடுக்காமல் இருப்பார்கள்?

அன்புடன்,
ஷ்யாம்சுந்தர்


கோவிலம்பாக்கம்,
14.7.2024

தம்பி ஷ்யாம்சுந்தருக்கு,

என் மகள் உன் கதையைப் போனில் போட்டுக் கொடுத்தாள். நான் எடுத்தேன். அவளும் வந்தாள். "இன்னாக்கா, சோறு கீதா?" என்றாள். அன்றிலிருந்து தினமும் நேராக அந்த இடத்துக்குப் போய் அவளைக் கூட்டி வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் மூடிவிடுவேன். அவள் கிளம்புவதைப் பார்க்க மாட்டேன். இப்போதெல்லாம் குழம்பு வைத்தால் என்னையறியாமல் ஒரு துண்டு கூடப் போட்டுவிடுகிறேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நேற்று தாம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். எட்டிப் பார்த்தால் அவள் போனில் உன் கதை, அவள் என் தங்கையாக இருக்கிறாள். என் போன் வந்தது. 'பிறகு பேசுகிறேன்' என்று தொட்டாள். "ஏம்மா எடுக்கல?" என்றேன். "அதுல ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி, சும்மா சாப்பாடுதான்" என்றாள்.

ஓங்கி அறையலாம் போல இருந்தது. இந்த ஊரில் இப்போது எத்தனை வெண்ணிலா இருக்கிறார்கள் தம்பி? எல்லாரும் இப்படித்தானா? அந்தப் 'பிறகு'வை எடுத்துவிடு. எனக்காகச் செய்.

அக்கா,
கன்னியம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்,
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. யார் எதைத் தொடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களிடம் மறைக்க மாட்டேன். அனேகமாக யாரும் எடுப்பதில்லை.

'பிறகு'வை நீக்கினால் அவள் எடுத்ததாக ஆகாது அக்கா. நான் அவள் கையைப் பிடித்து எடுக்க வைத்ததாகத்தான் ஆகும். அவள் ஏன் எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் கேட்டால் பத்து எழுதித் தருவேன், என் தொழில் அது. பத்தும் என்னுடையதாக இருக்கும், அவளுடையதாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரும் வராத வழி என்று உங்கள் வீட்டுக் காட்சியை அடுத்த மாதக் கடைசியில் எங்கள் கம்பெனியில் நீக்கப் போகிறார்கள். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஷ்யாம்


கோவிலம்பாக்கம்,
1.9.2024

அன்புத் தம்பிக்கு,

போகப் போகிற வழிதானே, கடைசியாக ஒரு தடவை முறையாக அவளைக் கூட்டி வருவோம் என்று முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் படித்தேன். முதல் சீரியலில் டைரக்டர் எல்லார் எதிரிலும் திட்டினான். எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாக நல்லது நடந்தது. ரோட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். விருது எனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. விழாவன்று புடவை மடிப்பு சரியாக வரவில்லை, கீழே டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. 'பிறகு பேசுகிறேன்' என்று தொட்டுவிட்டு நகை போடப் போய்விட்டேன்.

மேடையேறி, கைதட்டல் வாங்கி, இறங்கி வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் இருந்தது நான்.

கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். திரும்பிப் போகலாமென்று தேடினேன், அதற்குள் உன் ஆட்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அக்கா மேல் கோபம் இல்லை, வெட்கம் இல்லை, பாசமும் குறையவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டை எடுத்துக்கொண்டார்கள், போகட்டும். போன் அடிப்பதையாவது விட்டுவைக்கச் சொல். அவள் எடுக்காவிட்டால் பரவாயில்லை.

உன் அக்கா,
கன்னியம்மாள்