அரசாணிப் பூவும் ஆபீஸ் நூலும்

17-12-1936
விடிந்து போய்ப் பார்த்தால் கொடியில் ஓர் ஆண்பூகூட இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்து இதே கதை. ஊர்ப் பெண்கள் வாசலில் சாணப் பிள்ளையார் பிடித்துத் தலையில் பரங்கிப்பூ செருகுகிறார்கள் (இங்கே பரங்கிக்கு அரசாணி என்று பெயர்). பிஞ்சு ஒட்டிய பெண்பூவைத் தொடுவதில்லை, ஆண்பூவை விடுவதில்லை.

எனக்கு வேண்டியதும் ஆண்பூதான். கிணற்றுமேட்டில் ஒற்றைச் செடி நிற்கிறது. காய் சின்னது, சதை கெட்டி, வெல்லமாய் இனிக்கும். அதன் மகரந்தத்தை இவ்வூர்ப் பெருங்காய்க் கொடியின் பெண்பூவில் தடவிக் கலப்பு விதை எடுக்கவேண்டும். எங்கள் விவசாய ஆபீசுக்குச் சோதனை நிலம் கொடுத்த நாச்சிமுத்துக் கவுண்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்: மாசிக்குள் கலப்புக் காய் கண்ணில் படாவிட்டால் உழுது கடலை போட்டுவிடுவாராம்.

கோயமுத்தூர் போய் விவசாயம் படித்துவிட்டு இங்கே பிள்ளையாரோடு போட்டி.

19-12-1936
மாலையில் எல்லாச் செடிகளிலும் எனக்கு வேண்டிய மொக்குகளை நூலால் கட்டினேன். கட்டினால் காலையில் இதழ் விரியாது, வண்டு நுழையாது. அகப்பட்டது ஆபீஸ் காகிதக் கட்டுச் சிவப்பு நூல்தான். நல்லதே. கட்டிய பூ சர்க்கார் பூ என்று பெண்களும் விட்டுவிடுவார்கள். பிரச்சினை தீர்ந்தது.

20-12-1936
தீரவில்லை. கட்டாத ஆண்பூ அப்படியே இருக்கிறது, கட்டியதாகப் பார்த்துப் பறித்திருக்கிறார்கள். ஊருக்குள் வாசலுக்கு வாசல் பிள்ளையார் தலையில் என் சிவப்பு நூல்.

கவுண்டர் மனைவி சௌந்திரம் அக்காவிடம் போய்க் கத்தினேன். அவர் கோலப்பொடிக் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நேந்து கட்டின பூவுன்னுதானுங்க தம்பி நெனச்சோம். அதைப் போயிக் கொடியிலயே உட்டுட்டு வந்தா சாமி குத்தமுங்களே.”

சாமி குத்தம் பாடத்தில் இல்லை.

21-12-1936
கோபம் இறங்கியதும் மூளை வேலை செய்தது. பெருங்காய்க் கொடியின் ஆண்பூக்களை நானே பறித்து எறியவேண்டும், இல்லாவிட்டால் அதன் மகரந்தம் அதன் பெண்பூவிலேயே விழுந்து கலப்பு கெடும். அந்தக் கூலி வேலையைத்தான் இவர்கள் பனியில் நனைந்து சும்மா செய்கிறார்கள்!

ஆகவே பெருங்காய்க் கொடியில் ஆண்மொக்கு எல்லாவற்றுக்கும் சிவப்பு நூல். ஒற்றைச் செடிக்கு நூலே கிடையாது. அதன் மொக்குகள்மேல் உடைந்த சட்டியைக் கவிழ்த்தாயிற்று.

22-12-1936
பெருங்காய்க் கொடியில் ஓர் ஆண்பூ விடாமல் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சட்டியை நிமிர்த்தி ஆண்பூவை எடுத்து, இதழைக் கிழித்து, பெண்பூவின் நடுவில் தடவினேன். நாளெல்லாம் சீட்டி அடித்தேன்.

29-12-1936
பிஞ்சு நிற்கிறது. ஆனால் என் வேண்டுதல் என்னவென்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. களை எடுக்கும் அத்தாயி என் காதுபடவே சொன்னாள்: “இத்தனை நூலு கட்டற மனுசருக்குப் பொண்ணு அமையாமயா போயிரும்?”

மறுத்தால் பூப்பறிப்பு நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

5-1-1937
சௌந்திரம் அக்கா என் கூட்டம், அதாவது குலப்பிரிவு, எது என்று கேட்டார். சொன்னேன். நாங்கள் வேறு கூட்டம், நல்லதாய்ப் போயிற்று என்றார். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கமாட்டார்கள். செடி கலப்பவனுக்கு அந்த நியாயத்தை விளக்க வேண்டாம். ஆனால் இதை என்னிடம் ஏன் கேட்கவேண்டும்—?

14-1-1937
தை பிறந்தது. பூப்பறிப்பு ஓய்ந்தது. இருக்கிற காய் போதும்.

24-2-1937
காலையில் கவுண்டர் ஏரோடு வந்து நின்றார். ஓடிப்போய் மறித்தேன். மாசி இன்னும் முடியவில்லை, இதோ காய், இதோ முற்றிய காம்பு என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“உங்களுக்குத்தானுங்க உழுவறேன். பக்கத்துத் துண்டையுஞ் சேத்து வெதைங்க.”

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் அவர் தம்பி இருக்கிறாராம். தம்பிக்கு வசந்தாமணி என்று ஒரு மகளாம். மாப்பிள்ளைக்கு இங்கே வேலை இல்லாமல் போய் வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டால் குடும்பத்துக்குக் கஷ்டமாம்.

எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். சிரித்தார்.

அப்படியானால் நிலம் கிடைத்தது இத்தனை பாடுபட்டு எடுத்த காய்க்காக இல்லையா? சே.

28-2-1937
பெண் பார்த்தேன். நூல் கட்டியது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

20-6-1937
கலப்பு விதையில் வந்த கொடிகளில் முதல் காயை இன்று அறுத்தோம். நடுத்தர அளவு, சதை கெட்டி, இனிப்பு சுமார். கொடிக்குக் கொடி ஒரே சாயல். பிசகில்லாத கலப்பு. கல்யாணமானதும் எடுத்த, திண்ணைகூட இல்லாத இந்த வாடகை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து விதை கழுவிக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு விளக்கினேன்: முதல் தலைமுறையில் சில குணங்கள் ஒளிந்துகொள்ளும், இந்த விதையை மறுபடி போட்டால்தான் தாத்தன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து வெளியே வரும்.

அவள் ஒரு விதையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அப்ப உங்க முன்கோவம் புள்ளைங்ககிட்டத் தெரியாதுங்க. பேரனுக்குத்தான் வருமாக்கும்?”

நாலில் ஒன்றுக்கு வரும் என்றேன்.

“அப்ப மூணு பேரனோட நிறுத்திக்கச் சொல்லிருவோமுங்க.”

கணக்கு அப்படி வேலை செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். முறத்தை எடுத்துக்கொண்டேன். விதையை நிழலில் பரப்பினோம்.