உங்கள் பேரில் ஒரு தோணி

அக்கா,

இன்று அஜ்மானில் நம் தையல் ஃபேக்டரிக்குப் புது மெஷின்கள் வந்தன. பெட்டியைப் பிரித்ததும் எழுந்த எண்ணெய் வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த வாசனையே உங்களுக்குப் பிடிக்காது. ஏன் என்று ஒரு வெள்ளிக்கிழமை, நம் ஃபேக்டரி கேம்பில் துணி காயப்போடும்போது சொன்னீர்கள். உங்கள் கணவரை யாரோ கூட்டிப்போனார்கள், அவர் திரும்பவில்லை. அதன்பின் மட்டக்களப்பு வாவியில் நீங்களே தோணி வலித்து, இறால் பிடித்து, இரண்டு மகள்களை வளர்த்தீர்கள். சண்டையில் அந்தத் தோணியும் எரிந்தது. சண்டை ஓய்ந்தபோது வறுமையைப் போக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஆண்களுக்குத் தோணியும் வலையும். பெண்களுக்குத் தையல் மெஷின். தோணிதான் வேண்டும் என்றீர்கள். பெண்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறோமே என்று பெருமையாகச் சொன்னார்களாம்.

"வீட்டுக்கு வீடு மிசின், புள்ள. ஆர்ட துணிய ஆர் தைக்கிற? எனக்கு என்ன வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

அந்த மெஷினில் பழகிய தையல்தான் உங்களை இங்கே கொண்டுவந்தது.

பிறகு ஊரிலிருந்து உங்கள் தங்கை போன் செய்தார். இந்த முறை பெண்களுக்கும் தோணி தருகிறார்களாம். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டீர்கள். போனபின் ஒரே ஒரு முறை பேசினீர்கள். "என்ட பேர்லதான் எழுதித் தந்திருக்கு, புள்ள" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தீர்கள்.

சண்டை மறுபடி தொடங்கியது. ஊரே பெயர்ந்து போகும்போது, பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, தோணியை மறைவாகக் கட்டிவர வாவிக்கரைக்குத் திரும்பினீர்கள். அங்கே ஷெல் விழுந்தது.

தங்கை எனக்குச் சொன்னபோது டியூட்டி நேரம். சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கை தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்து தைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. அதை இப்போது உங்கள் கொழுந்தனார் ஓட்டுகிறார். குடும்பத்தில் மிஞ்சிய ஆண் அவர்தான் என்று அவர் பேருக்கே மாற்றிவிட்டார்கள். உங்கள் மூத்த மகள் மீன்பிடி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். பெண்பிள்ளைக்குத் தோணி எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடல் கடந்து இருந்துகொண்டு நான் யாரிடம் போய்ப் பேசுவேன்?

அந்தத் தோணி கிடைத்த நாளில் நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள் என்று அவளிடம் சொல்லத்தான் வெள்ளிதோறும் போன் செய்கிறேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.