துரையைக் குளிப்பாட்டிய அன்று

அன்பு மகனுக்கு,

நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மருமகளும் குழந்தையும் நிஜமாகவே நலமாக இருங்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பதறாதே, போன் செத்துவிட்டது, உன் எண்ணும் அதோடு போயிற்று, நீ போர்வை அனுப்பிய பெட்டியில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கோழிக் கண்காட்சி. நம் வெள்ளைச் சேவல் துரையைக் குளிக்கப் பழக்கலாம் என்று மூன்று தொட்டி வைத்தேன், சோப்புத் தண்ணீர் ஒன்று, அலச ஒன்று, இறகு பளிச்சென்று தெரியத் துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு விட்டது ஒன்று. அவன் என் கைக்கு அடங்க மாட்டான், அதனால் எப்போதும்போல உன் அம்மா பேசிய வீடியோவைப் போட்டு, போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தேன். அவள் குரல் கேட்ட குஷியில் அந்தப் படவா ஓர் அடி அடித்தான் பார் இறக்கையை, போனும் நீல பாட்டிலும் சேர்ந்து தொட்டிக்குள் போயின. எதை எடுப்பது என்று தடுமாறி நான் முதலில் சேவலை எடுத்தேன், என் புத்தியை என்ன சொல்ல. துரை இப்போது சீருடைச் சட்டை மாதிரி வெளிர்நீலமாக நிற்கிறான், அது கழுவக் கழுவப் போய்விடும். போன் பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ள ஒண்ணும் தேறாது பெரியவரே, வேற எங்கயாவது காப்பி ஏத்தி வச்சிருக்கீங்களான்னு கேட்டார். ஏற்றவும் இறக்கவும் எனக்கென்னடா தெரியும். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன், எல்லாரும் அதே பாட்டுத்தான் பாடுகிறார்கள்.

அந்த வீடியோ ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவளாகவே எடுத்தது. கண்காட்சியில் நடுவர் குச்சியால் தொட்டால் துரை குந்திவிடுவான், அவள் சொன்னால்தான் எழுந்து நிற்பான். நான் இல்லாதப்போ இதப் போட்டுக் காட்டுங்கன்னு சொல்லித்தான் எடுத்தாள். எழுந்திருடா துரை, நெஞ்ச நிமித்து, உனக்கென்ன குறைச்சல் என்பாள். முடிவில் என்னைப் பிடித்துக்கொள்வாள், துண்ட கூண்டு மேல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றதுன்னு. தினமும் வேண்டுமென்றே துண்டைக் கூண்டின் மேல் போட்டுவிட்டுத்தான் அதைக் கேட்பேன். இப்போது துண்டு அங்கேயே கிடக்கிறது, கேட்க ஆளில்லை. வீடு தாங்க முடியவில்லையடா.

அதை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். படத்தில் கூண்டும் சேவலும்தான் தெரியும், அவள் தெரிய மாட்டாள். கோழிப் படமா அனுப்பாதீங்கப்பா, போன்ல இடமே இல்ல, பாக்காமலே அழிச்சுடறேன்னு நீ சொன்னாய். உன்மேல் தப்பில்லை, நான் அனுப்பியது அத்தனை. ஆனாலும் தேடு. பழைய போன் இருந்தால் அதிலும் தேடு, மருமகள் போனிலும் பார். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதினால் அபசகுனம் என்று திட்டுவாய், எழுதிவிட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, குழந்தையை வெறும் தரையில் விடாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நிறைந்து வாழுங்கள். கீழ் வீட்டுத் தையல்காரர் எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், கிடைத்தால் உடனே அவருக்கு அனுப்பு. அழித்திருந்தால், அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. தேடிக்கொண்டே இருக்கிறேன் என்று சொல், எனக்கு அது போதும்.

உன் அப்பா